ஆளுக்கொரு கால்

"எந்தக் கால் தப்போ, அதை மாட்டினவர் இனிமே இந்த வாசலை மிதிக்கக் கூடாது. அது என் புருஷனா இருந்தாலும் சரி, கொழுந்தனா இருந்தாலும் சரி. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அண்ணி இதைச் சொன்னபோது அவள் கையில் பாப்பாவின் எக்ஸ்ரே படம் இருந்தது. மணிக்கட்டு எலும்பு இரண்டாக விட்டிருந்தது. அந்தப் படத்தைப் பட்டறை ஷட்டரின் கொக்கியில் மாட்டி, வருகிற போகிறவர்கள் எல்லாரும் நன்றாகப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டு அவள் உள்ளே போனாள். பெயர்ப்பலகையே இல்லாத அந்தப் பட்டறைக்கு அன்றிலிருந்து அதுதான் பெயர்ப்பலகை.

அண்ணி வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் பிறகு மறந்துபோகிற ரகம் இல்லை. கட்டடம் அவள் அப்பா அவள் பேருக்கு எழுதிவைத்தது. கீழே பட்டறை, பின்னால் வீடு, மாடியில் ஒரு அறை. இத்தனை வருஷத்தில் 'என் கட்டடம்' என்று அவள் ஒருநாள்கூடச் சொன்னதில்லை. சொல்லாதவள் சொல்லிவிட்டாள் என்றால் அதற்கு மேல் பேச்சில்லை.

கொழுந்தன் சின்னவன் மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தான். சின்னவன் என்றால் ஏதோ பொடியன் என்று நினைக்க வேண்டாம். நாற்பத்தைந்தைத் தாண்டிய ஆள். காதோரம் நரைத்தாயிற்று. அண்ணன் பெரியவர் என்பதால் இவன் சின்னவன், அவ்வளவுதான். கல்யாணம் கட்டவில்லை. மாடி அறையில் படுக்கை, அண்ணி வைக்கிற தட்டில் சாப்பாடு, கீழே தரையோடு போல்ட் போட்டு இறுக்கிய, இரும்பு கடைகிற லேத். இதில் ஒன்று போனால் மூன்றும் போகும். அதையெல்லாம் விட, பாப்பா போய்விடுவாள்.

பாப்பா அண்ணன் மகள். கண் ஆஸ்பத்திரி ஒன்றில் கண்ணாடிக்கு அளவெடுக்கிற வேலை. சொந்தமாகச் சம்பாதிக்கிற, கோபம் வந்தால் டாக்டரையே எதிர்த்துப் பேசுகிற பெண்ணை இன்னும் பாப்பா என்றுதான் வீட்டில் கூப்பிடுகிறார்கள். அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அந்தப் பெயர்தான்.

மற்றபடி இரண்டு பேரும் பேசி நாலு வருஷம் ஆகிறது. காரணத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். சின்னவன் பிரித்துப் பூட்டிக் கொடுத்த எஞ்சின் ஒன்று ஒரே வாரத்தில் புகை கக்கிக்கொண்டு திரும்பி வந்தது. ஆயில் இல்லாமல் ஓட்டிச் சாகடித்தது வண்டிக்காரன். அதை விசாரிக்காமல் பெரியவர் அவனிடம், "தம்பி கொஞ்சம் அவசரப்பட்டுட்டான், மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டார். சின்னவன் லேத் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். மன்னிப்பாம். இவன் செய்யாத தப்புக்கு அவர் மன்னிப்புக் கேட்கிறாராம். அன்று சாயந்திரம் லாரிக்கு அடித்து மிஞ்சிய மஞ்சள் பெயின்டை எடுத்து, ஷட்டரிலிருந்து பின்சுவர் வரைக்கும் பட்டறையின் நடுவே ஒரு கோடு இழுத்தான்.

"என்னடா இது?" என்று பெரியவர் கேட்டார். சின்னவன் பிரஷ்ஷைக் கழுவப் போனான். அண்ணன் தம்பியிடம் கேட்ட கடைசிக் கேள்வி அதுதான். அவருக்கும் பிடிவாதத்தில் குறைச்சல் இல்லை.

கோட்டுக்கு இடது பக்கம் பெரியவர். வண்டியின் சட்டமான சேஸ், சக்கரம், பிரேக், வெல்டிங். வலது பக்கம் சின்னவன். எஞ்சின், கியர்பாக்ஸ், லேத். காற்றடிக்கிற மோட்டார் சரியாகக் கோட்டின் மேல் மாட்டிக்கொண்டது. அதற்கு ஆளுக்கொரு டியூப் வாங்கிக்கொண்டார்கள். ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால் பாப்பா நடுவில் நின்று, "அப்பா, சித்தப்பா செயின் டைட் பண்ணச் சொல்றார்" என்பாள். அவள் இல்லாத நேரத்தில் வாடிக்கையாளரைப் பார்த்துப் பேசுவார்கள். "சார், உங்க வண்டிக்குப் பின்பிரேக்கை யாராவது கவனிச்சா நல்லதுன்னு எனக்குத் தோணுது" என்பான் சின்னவன் சத்தமாக. "யாராவதுன்னா யாரு சார்? பிரேக் பார்க்கறவங்கதான் பார்க்கணும்" என்பார் பெரியவர் இன்னும் சத்தமாக. பாவம், வண்டிக்காரன் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து வலியோடு வீட்டுக்குப் போவான்.

இந்த லட்சணத்தில்தான் பாப்பா அந்தப் பழைய மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து இறக்கினாள். காயலான் கடையில் கிடந்தது. ஒரே கம்பெனி வண்டிதான், ஆனால் சேஸ் ஒரு வண்டியுடையது, எஞ்சின் சில வருஷம் பிந்தி வந்த இன்னொரு வண்டியுடையது. எவனோ இரண்டு பிணத்தைச் சேர்த்து ஒரு ஆள் செய்து வைத்திருந்தான். முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் கால் மாதிரி தாங்குகிற ஃபோர்க் ஒரு சாக்கில் தனியாக வந்தது. வெளிக்குழாய்களில் ஒன்று லேசாக வளைந்திருந்தது, மற்றபடி நன்றாக இருந்தன. உள்ளே ஸ்பிரிங், நடுவே நிற்கிற ராடு கம்பி, புஷ் வளையம் எல்லாம் துருப்பிடித்துத் தூளாகிவிட்டிருந்தன.

பழைய வண்டிகளின் ஊர்வலம் அடுத்த மாதம் வருகிறது, அதில் ஓட்டப் போகிறேன் என்றாள் பாப்பா. அப்பாவிடம் தனியாக ஒரு தடவை, சித்தப்பாவிடம் தனியாக ஒரு தடவை, இன்னொன்றும் சொன்னாள்: "இந்த ஒரு வண்டிக்காவது ரெண்டு பேரும் பேசித் தொலைங்க." இரண்டு பேரும் தலையை ஆட்டினார்கள். ஆட்டுவதற்கு என்ன, தலை அவரவருடையதுதானே.

வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிச் சரியாக மஞ்சள் கோட்டின் மேல் நிறுத்தினார்கள். பாதி வண்டி இந்த நாட்டில், பாதி வண்டி அந்த நாட்டில். சேஸ் பெரியவருக்கு, எஞ்சின் சின்னவனுக்கு என்பதில் சண்டை இல்லை. ஃபோர்க்கில் வந்தது வினை.

"ஃபோர்க் சேஸைச் சேர்ந்தது. சொல்லு பாப்பா உங்க சித்தப்பாகிட்ட" என்றார் பெரியவர்.

"குழாய் வளைஞ்சிருக்கு, லேத்ல வச்சுத்தான் பார்க்கணும். லேத் யாரோடதுன்னு கேளு உங்கப்பாவ" என்றான் சின்னவன்.

இப்படி ஒரு மணி நேரம் ஓடியது. பாப்பாவின் தொண்டை கட்டிப்போனது. பின்னாலிருந்து அண்ணி வந்து, "முன்னாடி ரெண்டு கால்தானே இருக்கு? ஆளுக்கொரு காலைப் பிடிச்சுக்கிட்டு அழுங்க" என்று எரிந்து விழுந்துவிட்டுப் போனாள். அவள் ஆத்திரத்தில் சொன்னது. இந்த இரண்டு அறிவாளிகளும் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டார்கள். இடது கால் பெரியவருக்கு, வலது கால் சின்னவனுக்கு. உலகத்தில் வேறு எந்தப் பட்டறையிலும் ஒரு ஃபோர்க்கை இப்படிப் பங்கு போட்டிருக்க மாட்டார்கள்.

உள்பாகங்களை ஆளாளுக்கு அலைந்து வாங்கினார்கள். பெரியவர் ஒரு கடையில், சின்னவன் வேறு கடையில். ஒரே கடையில் போய் நின்றால் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அவரவர் பெஞ்சில், அவரவர் முதுகை அடுத்தவருக்குக் காட்டிக்கொண்டு பூட்டினார்கள். வேலையில் இரண்டு பேரையும் குறை சொல்ல முடியாது. பெரியவர் ஆயில் கசியாமல் தடுக்கிற சீல் வளையத்தை விரலால் தடவித் தடவி உட்காரவைத்தார். சின்னவன் குழாயைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்து நேராக்கினான். மாட்டி முடித்தபோது இரண்டு காலும் வெளியிலிருந்து பார்க்க இரட்டைப் பிள்ளை மாதிரி பளபளவென்று நின்றன.

மாட்டிய அன்று சாயந்திரம் நடந்ததுதான் சின்னவனின் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

எந்த வண்டிக்கு முன்பக்கம் மாட்டினாலும் கடைசியில் ஹேண்டில் பாரைப் பிடித்து, உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு ஒரு அமுக்கு அமுக்கிப் பார்ப்பது அவன் பழக்கம். அன்றும் அமுக்கினான். முன்பக்கம் இறங்கியது, இன்னும் இறங்கியது, திடீரென்று இடது பக்கம் 'டக்' என்று முட்டி நின்றது. வலது பக்கம் நிற்காமல் மேலும் இறங்கப் பார்த்தது. ஹேண்டில் பார் அவன் கைக்குள்ளேயே லேசாகத் திருகிக்கொண்டது. மறுபடி அமுக்கினான். மறுபடியும் இடது பக்கம் முட்டியது.

இடது கால் அண்ணனுடையது.

அவனுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பெரிய மெக்கானிக். அவசரப்படாத மெக்கானிக். ஊருக்கெல்லாம் மன்னிப்புக் கேட்கிற மெக்கானிக். பூட்டிய கால் முட்டுகிறது! 'பாப்பா, உங்கப்பா கால் முட்டுது, கழட்டச் சொல்லு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாப்பா அப்போது இரண்டடி தள்ளித்தான் நின்றாள். அவன் சொல்லவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். முடிந்த வண்டியை மறுநாள் பட்டறை திறந்ததும் முதலில் ஓட்டிப் பார்ப்பவர் பெரியவர்தான். அது அவர் உரிமை, யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். ஓட்டட்டும். திருப்பத்தில் பிரேக் பிடிக்கட்டும். முகத்தில் ஈயாடாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வரட்டும். அப்போது இவன் லேத்தை நிறுத்திவிட்டு நிதானமாகத் திரும்பிப் பார்ப்பான். அண்ணன் விழுவார் என்று நினைக்கவில்லை என்று மாடியில் படுத்தபோது தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கொஞ்சம் நினைத்தான். முழங்கால் சிராய்த்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது என்ற அளவுக்கு நினைத்தான்.

பட்டறை திறக்கும்வரை பாப்பாவுக்குப் பொறுமை இல்லை. விடிந்ததும் விடியாததுமாக, யாரிடமும் சொல்லாமல் ஷட்டரை ஏற்றி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எஞ்சின் சத்தம் கேட்டுச் சின்னவன் எழுந்து உட்கார்ந்தான். அவன் பூட்டிய எஞ்சின், சத்தம் அருமையாக இருந்தது. அண்ணன் இவ்வளவு சீக்கிரம் எழுந்துவிட்டாரா என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். பாப்பாவின் முதுகு தெரிந்தது. "பாப்பா!" என்று கத்தினான். அவள் திருப்பத்துக்குப் போய்விட்டிருந்தாள்.

அவன் படிகளில் பாதியை மிதிக்காமலே இறங்கி, செருப்பில்லாமல் ஓடினான். திருப்பத்தில் வண்டி சாய்ந்து கிடந்தது, முன்சக்கரம் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. பாப்பா சாலை ஓரத்தில் உட்கார்ந்து, தன் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அது யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிரேக் புடிச்சேன் சித்தப்பா. சக்கரம் தானா திரும்பிடுச்சு" என்றாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மாவுக்கட்டு காய்வதற்குள் பட்டறையில் யுத்தம் தொடங்கிவிட்டது.

"அவசரக்கையால பூட்டினா இப்படித்தான் ஆகும்னு சொல்லு!" என்று பெரியவர் இடது பக்கத்திலிருந்து கத்தினார்.

"வெல்டிங் கம்பியைப் புடிக்கற கைக்கு ஃபோர்க் எதுக்குன்னு கேளு!" என்று சின்னவன் வலது பக்கத்திலிருந்து கத்தினான்.

எதிரும் புதிருமாக வார்த்தைகள் தடித்தன. ஒரு ஸ்பேனர் பறந்து போய்ச் சுவரில் பட்டது. யார் எறிந்தது என்று இரண்டு பேரும் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. அப்போதுதான் அண்ணி எக்ஸ்ரே படத்தோடு வந்து அந்தத் தீர்ப்பைச் சொன்னாள்.

சின்னவன் ஒரு பக்கம் நடுங்கினான், இன்னொரு பக்கம் தைரியமாக இருந்தான். முட்டியது இடது கால். தப்பு அண்ணனுடையது. பிரித்தால் தெரிந்துவிடும். அமுக்கிப் பார்த்ததைத்தான் யாரும் கேட்கக் கூடாது. அதைக் கேட்க யாருக்குத் தோன்றப்போகிறது?

இரண்டு பேரும் அவரவர் காலைக் கழற்றி அவரவர் பெஞ்சுக்குக் கொண்டுபோனார்கள். அடுத்தவர் தொடவே கூடாது என்று இரண்டு பேருமே நிபந்தனை போட்டார்கள். மறுநாள் பெரியவர் தன் காலை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து வெள்ளைத்துணியில் வரிசையாக வைத்தார். ராடு நேராக இருந்தது. புஷ் ஆட்டமில்லை. சீல் கசியவில்லை. சேஸில் அடித்திருக்கிற நம்பரைக் காட்டி வாங்கிய சாமான்கள், ஒவ்வொன்றும் அந்த வருஷத்து வண்டிக்கு உரியது. ஒரு குற்றம் இல்லை.

"வந்து பார்த்துக்கச் சொல்லு" என்றார் அண்ணியிடம். அவர் குரலில் அவ்வளவு நிம்மதி.

சின்னவனுக்கு நம்ப முடியவில்லை. முட்டியதே! அவன் கையால் உணர்ந்தானே! தன் காலையும் பிரித்தான். அதிலும் ஒரு குற்றம் இல்லை. எஞ்சின் நம்பரைக் காட்டி வாங்கியவை, அந்த வருஷத்துக்கு உரியவை. பரப்பி வைத்து, "என்னோடதும் சரியாத்தான் இருக்கு அண்ணி" என்றான்.

"அப்போ என் பொண்ணு சும்மா வேடிக்கைக்கு விழுந்தாளா?" என்று அண்ணி கேட்டாள். 

"சித்தப்பா பொய் சொல்றார்னு சொல்லு பாப்பா" என்றார் பெரியவர்.

"உங்கப்பா ராத்திரியோட ராத்திரியா சாமானை மாத்தி வச்சுட்டார்னு நான் சொல்றேன், சொல்லு" என்றான் சின்னவன்.

பாப்பா வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போட்ட கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு எழுந்தாள். "நான் இனிமே யாருக்கும் எதையும் சொல்ல மாட்டேன். ரெண்டு காலையும் எடுங்க. எதிர்க்கடைக்குக் கொண்டுபோறேன்" என்றாள்.

"அவன்கிட்டயா?" என்று அண்ணனும் தம்பியும் ஒரே குரலில் அலறினார்கள்.

எதிர்க்கடைக்காரனுக்கு நெட்டை என்று பெயர். ஆள் ஷட்டருக்குக் குனிந்துதான் உள்ளே போவான். ஒரு காலத்தில் இவர்கள் பட்டறையில் வேலை பார்த்தவன், கோடு போட்ட மறுமாதம் "எந்தப் பக்கம் நிக்கறதுன்னே தெரியல" என்று சொல்லிவிட்டு எதிரிலேயே தனியாகக் கடை வைத்தவன். வைத்ததோடு நிற்காமல் நன்றாக ஓட்டவும் செய்தான். அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. அவன் கடையில் டீ குடித்த வாடிக்கையாளரைக்கூட இவர்கள் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். இப்போது சொந்த வீட்டுப் பெண் சொந்தப் பட்டறையின் வேலையை அவனிடம் கொண்டுபோகிறாள் என்றால் இதைவிட மூக்கறுப்பு வேறு இல்லை.

ஆனால் அண்ணி ஏற்கெனவே சாலையைப் பாதி தாண்டிவிட்டாள். வேறு வழியில்லாமல் பெரியவர் இடது காலின் சாமான்களைத் துணியோடு சுருட்டி எடுத்துக்கொண்டு பின்னால் போனார். சின்னவன் வலது காலை எடுத்துக்கொண்டு, அவரோடு சேர்ந்து நடப்பதாக யாரும் நினைத்துவிடக் கூடாது என்று நாலடி தள்ளி நடந்தான்.

நெட்டை விஷயத்தைக் கேட்டான். சிரிப்பை அடக்கிக்கொள்ளப் பார்த்தான், முடியவில்லை. அண்ணி பார்த்த பார்வையில் தானாக அடங்கியது. அவன் செய்தது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மேஜையைத் துடைத்தான். இரண்டு காலையும் ஸ்பிரிங் இல்லாமல் பூட்டி, அந்த ஒரே மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்தான். இடது காலின் குழாயை உள்ளே தள்ளினான். ஓரிடத்தில் முட்டி நின்றது. வலது காலைத் தள்ளினான். அதைவிட இரண்டு விரற்கடை அதிகமாக உள்ளே போய் நின்றது.

"அவ்வளவுதாண்ணே" என்றான். "இது பழைய மாடல் ராடு, நீளம். அது பிந்தி வந்த மாடல், குட்டை. ரெண்டுமே நல்ல சாமான். தனித்தனியா சரி, சேர்த்து மாட்டினா தப்பு. மெதுவாப் போனா தெரியாது. பிரேக்கை அழுத்திப் புடிச்சா இது முட்டி நின்னுடும், அது இன்னும் இறங்கும். அப்போ சக்கரம் என்ன பண்ணும்? கோணிக்கும்."

 எந்த மெக்கானிக்கும் பிரித்ததும் முதலில் செய்கிற வேலை இது, இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு பெஞ்சு இருந்ததால், பழம் தின்று கொட்டை போட்ட இரண்டு மெக்கானிக்கும் அதைச் செய்யாமலே வண்டியை மாட்டிவிட்டார்கள்.

"ரெண்டும் சரின்னா என்ன அர்த்தம்?" என்றாள் அண்ணி விடாமல். "இந்த வண்டிக்கு எது?"

நெட்டை தலையைச் சொறிந்தான். சாலைக்கு அந்தப் பக்கம் ஸ்டாண்டில் நின்ற வண்டியைப் பார்த்தான். "எஞ்சின் பிந்தி வந்தது அண்ணி, கனம் ஜாஸ்தி. அந்தக் கனத்துக்கு வலது கால்தான் தாங்கும். இடது காலை மாத்தணும்."

சின்னவனுக்கு நெஞ்சில் பால் வார்த்தது. ஜெயித்துவிட்டான். நாலு வருஷமாக ராத்திரி ராத்திரி மனசுக்குள் நடத்திய வழக்கில், எதிரியின் வாயாலேயே தீர்ப்பு வந்துவிட்டது. லேத் இருக்கிறது, மாடி அறை இருக்கிறது, தட்டு இருக்கிறது. அண்ணன் முகத்தை எப்படிப் பார்ப்பது, சிரித்துக்கொண்டா, சிரிக்காமலா என்பதுதான் அந்த நிமிஷத்தில் அவனுடைய ஒரே கவலை.

பெரியவர் அதிகம் யோசிக்கவில்லை. பையிலிருந்து பட்டறைச் சாவிக்கொத்தை எடுத்து மனைவியிடம் நீட்டினார்.

"என்னோடதுதான் தப்பு. சேஸ் நம்பரை மட்டும் பார்த்து வாங்கினேன். எஞ்சினையும் பார்த்திருக்கணும். பார்க்கணும்னா அந்தப் பக்கம் போகணும். போகல" என்றார்.

அண்ணி சாவியை வாங்கிக்கொண்டாள்.  அவள் பேச்சை மாற்றிக்கொள்கிறவள் இல்லை, அவரும் மாற்றிக்கொள் என்று கேட்கிறவர் இல்லை. பாப்பா, "அப்பா, எங்க போவீங்க?" என்றாள். "பார்ப்போம்" என்றார் அவர்.

இந்த நேரத்தில் நெட்டை வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவனுக்கு அது வராது.

"ஒண்ணுதாண்ணே எனக்குப் புரியல. மாட்டினதும் ஒரு தடவை நல்லா அமுக்கிப் பார்த்திருந்தா அப்பவே கையில தெரிஞ்சிருக்குமே. யாருமே அமுக்கலையா?"

"நான் அமுக்கல" என்றார் பெரியவர். "அது அவன் பண்றது. முன்பக்கம் மாட்டினா அவன் அமுக்காம விடமாட்டான், அன்னைக்கும் அமுக்கினான், நான் இந்தப் பக்கத்துலேருந்து பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். முட்டியிருந்தா சொல்லியிருப்பான். என்கூடப் பேசலன்னாலும் சுத்தியலைத் தூக்கிப் போட்டாவது சொல்லியிருப்பான். கைக்குத் தெரியாம போயிருக்கும். அதுக்கு அவனைக் குத்தம் சொல்ல வேண்டாம்."

நாலு வருஷத்தில் அண்ணன் அவனைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை. அதை எதிர்க்கடையில் நின்று சொன்னார், பட்டறையை விட்டுப் போகிற வழியில் நின்று சொன்னார். சின்னவனுக்கு முகம் எரிந்தது. நெட்டையின் சுவரில் மாட்டியிருந்த டயர் விளம்பரத்தைப் பார்த்தான். அதில் ஒரு எழுத்துகூட அவன் கண்ணில் ஏறவில்லை.

"முட்டலதானே சித்தப்பா?" என்றாள் பாப்பா.

முட்டல என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. யாரும் மறுத்துப் பேசப் போவதில்லை. அண்ணனே சாட்சி சொல்லி முடித்துவிட்டார். அதைச் சொல்ல அவன் வாயைத் திறக்கவும் செய்தான். பாப்பாவின் விரல்கள் மாவுக்கட்டுக்கு வெளியே வீங்கி நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு நகத்தில் சாலையின் மண் இன்னும் அப்படியே இருந்தது.

"முட்டுச்சு" என்றான்.

"எந்தப் பக்கம்?"

கேட்டது பெரியவர். பாப்பாவைப் பார்க்காமல், நேராக இவனைப் பார்த்துக் கேட்டார்.

"உன் பக்கம்."

"எத்தனை தடவை அமுக்கின?"

"ரெண்டு தடவை. ரெண்டு தடவையும் முட்டுச்சு."

"காலைல நான்தான் முதல்ல ஓட்டுவேன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

நெட்டை மெல்ல நழுவிப்போய், ஏற்கெனவே துடைத்த மேஜையை மறுபடி துடைத்தான்.  பெரியவருக்குக் கோபம் வந்திருந்தால் சின்னவனுக்கு நன்றாக இருந்திருக்கும். அடித்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அவர் மனைவியின் கையிலிருந்த சாவிக்கொத்தைத் திரும்ப எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அவள் எடுக்கவிட்டாள்.

"வலது காலை எதுவும் பண்ண வேண்டாம்" என்றார் நெட்டையிடம். "நல்லாப் பூட்டியிருக்கான். அது இருக்கட்டும். என்னோடதுக்கு மட்டும் சரியான ராடு வாங்கிப் போடு."

"சரிண்ணே" என்றான் நெட்டை.

அண்ணி சின்னவனிடம், "மேல இருக்கற உங்க சாமானை எடுத்துக்குங்க. லேத்துக்கு வண்டி பார்த்துட்டு ஆள் அனுப்புங்க" என்றாள். நேற்று வரை அவனை வாய் நிறையத் தம்பி என்று கூப்பிட்டவள்.

சின்னவன் பாப்பாவைப் பார்த்தான். அவள் அப்பாவின் பக்கமாக நகர்ந்து நின்றுகொண்டிருந்தாள். ஏதாவது திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் கேட்டது வேறு.

"நான் எடுத்துட்டுப் போகாம அப்பா எடுத்துட்டுப் போயிருந்தா, அந்தச் சத்தத்தைக் கேட்டு நீங்க இறங்கி ஓடி வந்திருப்பீங்களா சித்தப்பா?"

அவன் ஜன்னலை நினைத்துப் பார்த்தான். பாப்பாவின் முதுகுக்குப் பதிலாக அண்ணனின் முதுகை அதில் வைத்துப் பார்த்தான். அப்போதும் கத்தியிருப்பான், அப்போதும் படியில் விழுந்தடித்து ஓடியிருப்பான் என்று அந்த நிமிஷம்தான் அவனுக்கே தெரிந்தது.

"வந்திருப்பேன் பாப்பா" என்றான்.

அது சத்தியமான உண்மை. அங்கே நின்ற ஒருவர்கூட அதை நம்பவில்லை.